ஒன்பதரைக்கு மிச்சமிருந்த ஓர் இணைப்பு

எங்கள் நகராட்சியின் கணினி சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பேரித் நூர்லிங்கைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். நான் சொல்லலாம், அது வேறு விஷயம். பதினெட்டு வருடமாக அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, கணினி ஓடவில்லை என்று புலம்புகிறவர்களின் போனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமை எனக்கு உண்டு.

பேரித்துக்கு அறுபத்திரண்டு வயது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில்தான் வேலைக்கு வருவாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பாள். இடது கால் ஒரு நிறம், வலது கால் ஒரு நிறம். கேட்டால், "ரெண்டும் கால்தானே" என்பாள்.

அவள் படித்து வந்த டேட்டாபேஸ்காரி இல்லை. எண்பதுகளில் இதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். வருகிற அழைப்பை உரிய அறைக்கு மாற்றிவிடுவாள். பேசி முடித்ததும் இணைப்பைப் பிடுங்குவாள். பிடுங்கும் முன் ரிசீவரைக் காதில் வைத்து "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு போன்கள் தானாகவே பேசிக்கொள்ள ஆரம்பித்தன. பேரித்தை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவளிடம் சர்வரை ஒப்படைத்தார்கள். "முடிஞ்சுதா?" மட்டும் போகவில்லை.

இது விளங்க வேண்டுமானால் எங்கள் முன்பதிவு டேட்டாபேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிச்சறுக்கு அரங்கம், பள்ளிக்கூடங்களின் விளையாட்டுக் கூடம், துறைமுகத்தில் படகை நிறுத்திக் கட்டுமிடம் எல்லாம் அதில்தான் பதிவாகும். படகு கட்டுமிடத்துக்கு எங்கள் ஊரில் பதினாலு வருடம் காத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் பெயரைக் கொடுத்து வைக்கிற அப்பன்கள் உண்டு. நகராட்சியில் இருநூறு பேர் அந்த டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். பராமரிப்பு வேலை பார்க்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் வெளியேற வேண்டும். மற்ற ஊர்களில் ஒரு பொத்தானை அழுத்தி எல்லோரையும் துரத்திவிடுவார்கள். பாதி தட்டிய விண்ணப்பம் காற்றோடு போகும். பேரித் அப்படிச் செய்ய மாட்டாள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்பாள்.

இருநூறு பேருக்கு எப்படிப் போன் செய்வது? அங்கேதான் அவள் மூளை. காலை ஒன்பதரைக்கு ஃபீகா, எங்கள் காபி இடைவேளை. எங்கள் மக்கள் பனிப்புயல் அடித்தால் வேலைக்குத் தாமதமாக வருவார்கள். காபிக்கும் பன்னுக்கும் தாமதமாகிப் பார்த்ததில்லை. அந்த அரை மணி நேரத்தில் நகராட்சியே சமையலறையில் இருக்கும். ஆகவே பேரித் ஒரு சட்டம் போட்டாள்: நாற்காலியை விட்டு எழுந்தால் இணைப்பை மூடிவிட்டு எழ வேண்டும். மூடாதவர்களின் திரையில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவாள். "நீ போய்விட்டாய், உன் இணைப்பு போகவில்லை." நகரமன்றத் தலைவருக்கும் ஒட்டினாள். எங்கள் நாட்டில் அவரையும் நீ என்றுதான் சொல்கிறோம், அதனால் அவர் அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் கோபித்துக்கொண்டார்.

ஒன்பது இருபத்தொன்பதுக்கு இருநூற்றுப் பதினாலு இணைப்புகள் இருக்கும். ஒன்பது முப்பத்திரண்டுக்கு அவளுடையதைத் தவிர ஒன்றுமே இருக்காது. செவ்வாய்க்கிழமைகளில் அந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, கடைசிப் பன்னைப் பிடிக்க ஓடி வருவாள். மற்ற சர்வர்காரர்களைப் போல ராத்திரி கண்விழிக்கும் பேச்சே கிடையாது.

போன ஆகஸ்டிலிருந்துதான் கணக்கு உதைத்தது. ஒன்பது முப்பத்திரண்டுக்கு ஓர் இணைப்பு மிச்சமிருந்தது. அடுத்த செவ்வாயும் இருந்தது, அதற்கடுத்த செவ்வாயும்.

அது ட்ரூல்ஸ். எங்கள் தளத்தில், நடைபாதையின் கடைசி அறையில் புதிதாகச் சேர்ந்தவன். படகு விண்ணப்பங்களைப் பதிவு செய்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். அவன் மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் தெற்குக் கோடியிலுள்ள ஸ்கோனேயிலிருந்து வந்தவன். அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசினால் தொண்டையில் கஞ்சி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், பாதி புரியாது. மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம்.

பேரித் அவனுக்குப் போன் போடுவதை வாராவாரம் கேட்டிருக்கிறேன்.

"ட்ரூல்ஸ், பேரித் பேசறேன். ஒரு பதினஞ்சு நிமிஷம் வெளிய வர்றியா?"

"இதோ வந்துட்டேன். சேவ் பண்ணிக்கறேன்."

"அவசரமில்ல. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி, போய்க் காபி குடி."

"ம்."

அந்த "ம்" சொன்னவன் எங்கேயும் போக மாட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருப்பான். பதினைந்து நிமிடம் ஆனதும் திரும்ப உள்ளே நுழைவான்.

"என்ன மனுஷன் இவன், காபி குடிக்க மாட்டானா?" என்றேன்.

"குடிப்பான். ஃபிளாஸ்க் வெச்சிருக்கான், பார்த்தேன்."

"அப்ப நம்மளப் பிடிக்கல. தெற்கத்திக்காரனுக்குக் கொழுப்பு."

"உன்னப் பிடிக்காதுன்னா நம்பலாம், ஷெல்," என்றாள். "இந்தத் தளத்துல இருக்கற பத்தொம்போது பேரையுமா பிடிக்காது?"

பிப்ரவரி வந்தது. பேரித்தின் மேஜைக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. இரண்டும் பெர்னிலாவிடமிருந்து. பெர்னிலாதான் எங்கள் தளத்துக்கே தலைவி. முப்பத்தெட்டு வயது, நல்லவள்தான், ஆனால் எதையும் அட்டவணையாகப் பார்க்கிறவள். முதல் காகிதம், டேட்டாபேஸைச் சுருக்கச் சொன்னது. இரண்டாவது காகிதம், மாதக் கடைசியில் ட்ரூல்ஸின் கணினிக் கணக்கை மூடச் சொன்னது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது; நிரந்தரமாக்கப் போவதில்லை; வெள்ளிக்கிழமை அவனிடம் சொல்லப்படும். காரணம் என்ற இடத்தில் "குழுவோடு ஒட்டவில்லை" என்று தட்டியிருந்தது.

பேரித் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். படித்தேன்.

"வேலையில தப்பு சொல்லலியே," என்றேன்.

"வேலையில தப்பே இல்ல. அவன் பதிஞ்சது எல்லாம் நான் பார்க்கறேன். ஒரு கோடு கூடப் பிசகல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒட்டலையாம்." காகிதத்தை விசைப்பலகைக்கு அடியில் செருகினாள். "இவங்க என்ன ஸ்டாம்ப்பா ஒட்டறாங்க?"

முதல் காகிதத்தைப் பற்றியும் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். பன்னிரண்டு வருடத்துப் பழைய பதிவுகளை அழித்தாயிற்று, இன்னும் ஏன் கோப்பு அத்தனை இடத்தை அடைக்கிறது என்று பெர்னிலா கேட்டிருந்தாள். பேரித் அவளுக்கு விளக்கியதை நான் கேட்டேன். "அலமாரியிலேர்ந்து துணியெல்லாம் எடுத்துட்டா அலமாரி சின்னதாயிடுமா? ஆகாது. அறுத்துத்தான் சின்னதாக்கணும். அறுத்தா உள்ள இருக்கற மிச்சத் துணியெல்லாம் கலைஞ்சு போகும். திரும்ப மடிச்சு அடுக்கணும். இத ஆயுசுல ஒரு தடவை செய்யலாம். வாராவாரம் செய்யச் சொன்னா, ஆளை விடு."

"ஒரு தடவ போதும்," என்றாள் பெர்னிலா. "முடியலைன்னா சொல்லு. ஸ்டாக்ஹோம்ல ஒரு கம்பெனி மொத்த சர்வரையும் எடுத்துக்கறேன்னு கேட்டுட்டே இருக்காங்க."

பேரித்தின் காது நுனி சிவந்தது. இருபத்தாறு வருடத்தில் அவளால் சர்வர் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

அடுத்த நாள் செவ்வாய். அதுவும் லேசுப்பட்ட செவ்வாய் இல்லை, செம்லா செவ்வாய். ஏலக்காய் மணக்கும் பன்னின் தலையைச் சீவி, உள்ளே பாதாம் விழுதும் மேலே மலை மாதிரி க்ரீமும் வைத்துத் தருகிற நாள். அந்த வாரம் வாங்கி வருகிற முறை என்னுடையது. குளிர்பெட்டிக் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியல் ஒன்று தொங்கும். யார் எந்த வாரம் கொண்டுவர வேண்டும் என்று பேரித்தின் குண்டு எழுத்தில் பத்தொன்பது பெயர். பத்தொன்பது செம்லா எண்ணி வாங்கிக்கொண்டு, பெட்டியை நடைபாதை வழியே ஊர்வலமாகத் தூக்கி வந்தேன்.

ஒன்பதரைக்கு எல்லோரும் இணைப்பை மூடிவிட்டு எழுந்தார்கள். பேரித் வழக்கம்போல் ட்ரூல்ஸிடம் கேட்டாள், அவனும் வெளியேறினான். பிறகு அவள் டேட்டாபேஸில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் இடம் என்று வைத்துக்கொண்டாள். அந்த ஓர் ஆள் அவள்தான். சுருக்கும்போது வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது அல்லவா. வேலை ஓடியது. ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கோப்பு பாதியாகிவிட்டது. இனிக் கலைந்ததை அடுக்க வேண்டும், கதவை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சமையலறையிலிருந்து கத்தினேன்.

"பேரித்! உன் க்ரீமை நம்ம லெயிஃப் பார்க்கறான்! பார்வையே சரியில்ல!"

"தொட்டான்னா கையை ஒடிப்பேன்னு சொல்லு! வந்துட்டேன்!"

எழுந்தாள். எழுந்தவள், இருபது வருடமாக ஊருக்கே கற்றுக்கொடுத்ததைத் தானும் செய்தாள். நாற்காலியை விட்டு எழும்போது இணைப்பை மூடினாள்.

இருந்தது ஒரே ஓர் இடம். அது காலி.

மூன்று நிமிடம் கழித்து, நடைபாதையின் கடைசியில் பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்த ஒருவன் உள்ளே நுழைந்தான். அந்த இடத்தில் உட்கார்ந்தான். வேலை செய்ய ஆரம்பித்தான்.

பத்து மணிக்கு நகராட்சி காபி குடித்துவிட்டுத் திரும்பியது. என் போன் அலறியது. பனி அரங்கக்காரர் உள்ளே போக முடியவில்லை என்றார். பள்ளிக்கூடம், நூலகம், துறைமுகம் எல்லாம் அதையே சொன்னது. பத்து மணி ஏழு நிமிடத்துக்குள் நாற்பத்து மூன்று அழைப்பு. மீசையில் க்ரீமோடு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரித் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஷெல், நான் மூடிட்டேன்."

"எதை?"

"என்னோடதை. சட்டப்படி மூடிட்டேன். ட்ரூல்ஸ் உள்ள இருக்கான். அவன் மட்டும்தான் இருக்கான்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இருநூறு பேர் வேலை செய்கிற நகராட்சியில் அந்த நேரத்தில் ஒரே ஒருவன்தான் வேலை செய்துகொண்டிருந்தான். அது ஃபீகாவுக்கு வராதவன்.

"ஒரு பொத்தான்தானே, வெட்டி விட்டுடு," என்றேன்.

"கேக்காமலா?"

"ஊரே நிக்குது!"

"இருபத்தாறு வருஷமா கேட்டுட்டு, இன்னிக்குக் கேக்காம வெட்டறதா? அதுவும் அவனை?"

போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. கம்பளிக் காலுறையோடு நடைபாதையில் ஓட ஆரம்பித்தாள். மெழுகிட்ட தரையில் வழுக்கிக்கொண்டு போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

எங்களுக்கு முன்னால் பெர்னிலா போய்விட்டிருந்தாள். இணைப்புப் பட்டியலை அவளாலும் பார்க்க முடியும். ஒரே ஒரு பெயர் இருந்தால் யாரைக் கேட்பாள்? வாசலில் பாதித் தளம் கூடியிருந்தது. ட்ரூல்ஸ் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தான்.

"எல்லாரையும் வெளிய தள்ளிட்டு நீ மட்டும் உள்ள இருக்க," என்றாள் பெர்னிலா. சத்தம் போடவில்லை, எங்கள் ஊரில் சத்தம் போட்டால் அடுத்த தேர்தல் வரை பேசுவார்கள். ஆனால் அதைவிட மோசமான குரல். "என்ன பண்ணின, ட்ரூல்ஸ்?"

"நான் எதையும் தொடலை. பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, உள்ள போனேன்."

"இதைத்தான் நான் ஆறு மாசமா சொல்றேன். எங்களோட இல்லாம தனியா..."

"பெர்னிலா, நிறுத்து," என்றாள் பேரித். மூச்சு வாங்கியது. "அவன் பண்ணல. நான் பண்ணினேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கதவைச் சாத்தி வெச்சேன், திறக்காம எந்திரிச்சுப் போனேன். என் இடத்தை நானே விட்டுட்டேன். செம்லா தின்னப் போயிட்டேன். ஸ்டாக்ஹோம்காரங்களுக்குப் போன் போடணும்னா போட்டுக்கோ. இவன் ஒரு தப்பும் பண்ணல."

இருபத்தாறு வருடத்துக் கர்வம் அது. அவ்வளவு பேர் முன்னால் அவளே அதைத் தூக்கிக் கீழே போட்டாள். பேசாமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமையோடு விஷயம் முடிந்து போயிருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இதுவரை அவளிடம் சொன்னதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு ட்ரூல்ஸ் பக்கம் திரும்பி, வழக்கமான அதே குரலில் கேட்டாள்.

"ட்ரூல்ஸ், ஒரு பதினஞ்சு நிமிஷம் வெளிய வர்றியா?"

"சேவ் பண்ணிக்கறேன்," என்றான். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, திரையில் இருந்த விண்ணப்பத்தின் மிச்சத்தைத் தட்டினான். ஒரு படகின் நீளம், ஒரு பெயர், ஒரு போன் நம்பர். "முடிஞ்சுது."

பேரித் அவன் மேஜையிலேயே குனிந்து தன் இடத்தை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கதவைத் திறந்தாள். என் அறையில் அலறிக்கொண்டிருந்த போன் அடங்கியது. கலைந்ததை அடுக்க நேரம் இல்லாததால் அன்று முழுக்க டேட்டாபேஸ் ஆமை மாதிரி நகர்ந்தது. அதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் பெர்னிலா ஒரு கேள்வி கேட்டாள். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நீ ஏன் ஃபீகாவுக்கு வர்றதில்ல?"

ட்ரூல்ஸ் தரையைப் பார்த்தான். "லிஸ்ட்ல என் பேர் இல்லையே."

"எந்த லிஸ்ட்?"

"குளிர்பெட்டில தொங்குதே. முதல் நாள் போனப்ப பார்த்தேன். பத்தொம்போது பேரு. சரி, புது ஆளை அப்புறமா சேர்ப்பாங்கன்னு நினைச்சேன். முறை வராதவன் எப்படிப் போய்த் திங்கறது?" நடைபாதைப் பக்கம் கையைக் காட்டினான். "இன்னிக்கும் பெட்டி என் அறைய தாண்டித்தான் போச்சு. எண்ணினேன். பத்தொம்போது."

அந்த ஸ்கோனேப் பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. எண்ணி வாங்கினவன் நான்தானே. வெட்கத்தில் என் மீசையைத் துடைத்துக்கொண்டேன்.

பேரித்தின் நிலைமை என்னைவிட மோசம். புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்குக் கணக்கு திறந்து, சேர்த்துவிடுகிறவள் அவள். ட்ரூல்ஸுக்கும் முதல் நாள் காலை எட்டு மணிக்கே திறந்து கொடுத்தாள். குளிர்பெட்டிப் பட்டியலும் அவள் கை. அதற்கு மூன்று வருடத்துக்கு முன் பிளாஸ்டிக் உறை போட்டதோடு சரி.

சமையலறைக்கு நேராகப் போனாள். பட்டியலைப் பிய்த்து எடுத்தாள். பேனா பிளாஸ்டிக்கில் எழுதவில்லை. கத்தரிக்கோலால் உறையைக் கிழித்தாள். பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே எழுதினாள்: ட்ரூல்ஸ். பக்கத்திலேயே, அடுத்த செவ்வாய் என்று எழுதினாள்.

பெட்டியில் ஒரு செம்லா மிச்சமிருந்தது. காலையில் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால் பெர்னிலா தின்னாமல் விட்டது. பெர்னிலாவே அதை ஒரு தட்டில் வைத்து ட்ரூல்ஸ் பக்கம் தள்ளினாள்.

"எங்களப் பிடிக்கலன்னு நினைச்சுட்டேன்," என்றாள். "தப்பு என்னோடது."

"பாதி நீ எடுத்துக்கோ," என்றான் அவன்.

க்ரீமை நக்கிக்கொண்டே பெர்னிலா தணிந்த குரலில் சொன்னாள்: "பேரித், நேத்து அனுப்பின அந்தக் காகிதம்... கிழிச்சுப் போட்டுடு."

"எழுதிக் குடு. எழுத்துல இல்லாம நான் எதையும் அழிக்கறதில்ல."

"இப்பவா? காகிதம் எங்க?"

பேரித் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். ரத்து, பெர்னிலா என்று அதில் எழுதி வாங்கினாள். க்ரீம் கறையோடு அந்தக் காகிதம் இன்னும் அவள் திரைக்கு மேலே குத்தியிருக்கிறது. ஸ்டாக்ஹோம் கம்பெனியைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

அடுத்த செவ்வாய் ட்ரூல்ஸ் அவன் ஊர் முட்டைக் கேக்கைக் கொண்டுவந்தான். கோபுரம் மாதிரி, இரண்டடி உயரம், வாயில் வைத்தால் சர்க்கரைத் தூளாக உதிரும். ஒன்பது இருபத்தைந்துக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது.

பேரித் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது முப்பத்திரண்டு. ஓர் இணைப்பு இருந்தது, அவளுடையது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்று மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரத்திலிருந்தே இப்படித்தான்; நாற்காலியை விட்டு எழவே பயந்தாள். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தாள்.

"வா, கேக் காலியாகுது," என்றேன்.

"நீ போ. நான் இருக்கேன்."

அப்போது அவள் போன் அடித்தது. அறை அமைதியாக இருந்ததால் அந்தக் கஞ்சிக் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"பேரித், ட்ரூல்ஸ் பேசறேன். ஒரு பதினஞ்சு நிமிஷம் வெளிய வர்றியா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவசரமில்ல," என்றது போன். "முடிஞ்சுதா?"

"இதோ வந்துட்டேன்," என்றாள் பேரித். "சேவ் பண்ணிக்கறேன்."